தேநீர் நல்லதுதான், ஆனால் எந்த நேரத்தில்?

தேநீரின் நன்மைகளைப் பட்டியலிடும் பதிவுகள் வாரந்தோறும் கண்ணில் படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பொய்யுமல்ல. பிரிட்டனில் ஏறத்தாழ 5 லட்சம் பேரைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கவனித்து 2022இல் வெளியான ஆய்வில், நாளுக்கு இரண்டு கோப்பைக்குக் குறையாமல் தேநீர் குடித்தவர்களிடம் இறப்பு அபாயம் 9 முதல் 13 விழுக்காடு வரை குறைந்து காணப்பட்டது. பால் சேர்த்தவர்களிடமும் அப்படியே. தேநீர்தான் அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை என்றாலும், அளவாகக் குடிப்பவர் அஞ்ச வேண்டியதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அவர்களுடைய தட்டும் நம் ஊர்ப் பெண்களின் தட்டும் ஒன்றல்ல. வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பகுதிகளில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களில் பலருக்குக் காலை உணவே ஒரு டீயும் ஒரு பன்னும்தான்; மதியம் சோறும் கீரையும் சாப்பிட்டுக் கை கழுவியதும், சோர்வு தெரியாமல் மறுபடி உட்கார வேண்டும் என்பதற்காக இன்னொரு டீ. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதை 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியிருக்கும்போது, அந்த இரண்டாவது டீயைப் பற்றித்தான் நாம் முதலில் பேசியிருக்க வேண்டும்.

தேயிலையில் இயல்பாகவே உள்ள எந்தப் பாலிஃபீனால் சேர்மங்களை நாம் புகழ்கிறோமோ, அவையேதான் கீரை, கேழ்வரகு, பருப்பு ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தைக் குடலில் பற்றிக்கொண்டு, ரத்தத்தில் சேரவிடாமல் வெளியேற்றுகின்றன. உணவோடு குடிக்கும் கெட்டித் தேநீர், உடலில் சேரும் இரும்பைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடக்கூடும். இறைச்சியிலுள்ள இரும்பு வேறு வழியில் உறிஞ்சப்படுவதால் அதற்கு இந்தப் பாதிப்பு குறைவு. ஆகவே ஆம்பூர் பிரியாணியை முடித்துவிட்டு டீ குடிப்பவர் அவ்வளவு இழப்பதில்லை, கீரைச்சோறு சாப்பிட்டவர்தான் இழக்கிறார். இல்லாதவரிடமிருந்தே எடுத்துக்கொள்ளும் இந்தக் கணக்கு எனக்கு எரிச்சலூட்டுகிறது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட்டால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். சோற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இன்னும் நல்லது.

சர்க்கரையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கரண்டி இரண்டு வீதம் நாளுக்கு நான்கு டீ குடித்தாலே, உலக சுகாதார நிறுவனம் விரும்பத்தக்கதாகச் சொல்லும் 25 கிராம் தாண்டிவிடும். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் பெருமையல்ல: 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியிருக்கிறது.

டீயை விடச் சொல்லி யாரையும் நான் கேட்கமாட்டேன். கேட்டாலும் வேலூரில் யார் விடப்போகிறார்கள்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும்போது, "இதை டீயோடு விழுங்காதீங்கம்மா, டீ குடிச்ச கையோடயும் போடாதீங்க" என்று செவிலியர்கள் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும் என்பதே என் கோரிக்கை. மாத்திரைக்கு அரசு செலவழிக்கிறது. இதைச் சொல்வதற்குச் செலவே இல்லை.