தெரிந்த முகத்துக்குக் கண் திறப்பது

2014 மே மாதம் 'கோச்சடையான்' வந்த முதல் வாரமே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு ரஜினி, அப்பாவுக்கு நாகேஷ். 2009-இல் காலமான நாகேஷைக் கணினியில் உருவாக்கித் திரைக்குக் கொண்டுவருகிறார்கள் என்று படித்ததிலிருந்து அவருக்கு ஒரே ஆவல். அந்த முகம் திரையில் வந்தது. சாயல் இருந்தது. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் காதருகே, "கண்ணு யாரையும் பாக்கலையே" என்றார்.

அந்தப் படத்தைப் 'பொம்மைப் படம்' என்று பலர் ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நடிகரின் அசைவைக் கருவிகளால் பதிவுசெய்து முழுநீளப் படம் எடுக்க, ஹாலிவுட்டின் பணமும் காலமும் இல்லாமல் இங்கே துணிந்தார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அப்பா சொன்னது அதைவிடச் சரியான விமர்சனம்.

கிராபிக்ஸ் மனிதர்கள் என்றாலே நாம் தோலைப் பற்றித்தான் பேசுகிறோம். தோல் பெரும்பாலும் தீர்ந்துபோன கணக்கு. இருட்டில் டார்ச் வெளிச்சத்தை விரலுக்குப் பின்னால் பிடித்தால் விரல் சிவப்பாக ஒளிரும் இல்லையா? ஒளி தோலுக்குள் புகுந்து, சிதறி, வேறோர் இடத்தில் வெளியே வருகிறது. இதைக் கணக்கிடாமல் விட்டால் முகம் பிளாஸ்டிக் போலத் தெரியும். 2002-இல் வந்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்தின் கோலம் (Gollum) என்ற கணினிப் பாத்திரத்திலேயே இதைச் செய்துகாட்டிவிட்டார்கள்.

கண் அப்படியில்லை. நாம் ஒருவரை உற்றுப் பார்க்கும்போதுகூட நம் கண் ஓரிடத்தில் நிற்பதில்லை. நொடிக்கு இரண்டு மூன்று முறை குட்டிக் குட்டியாகத் தாவுகிறது. யாராவது கூப்பிட்டால் பெரும்பாலும் முதலில் கண் திரும்பும், அப்புறம்தான் தலை. கீழே பார்த்தால் இமையும் கூடவே இறங்கும். இதில் ஒன்று பிசகினாலும், என்ன தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும், நமக்கு உறுத்திவிடும். 2004-இல் வந்த 'போலார் எக்ஸ்பிரஸ்' படத்தில் டாம் ஹாங்க்ஸின் முக அசைவைப் பதிவுசெய்தார்கள், விழியின் அசைவைப் பதிவுசெய்யவில்லை. உயிரில்லாத கண்கள் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அதே இயக்குநர் 2007-இல் எடுத்த 'பேவுல்ஃப்' படத்தில் நடிகர்களின் கண்ணைச் சுற்றி மின்முனைகள் ஒட்டி விழியசைவையும் பதிவுசெய்ய வேண்டியிருந்தது.

ஆனால் 'போலார் எக்ஸ்பிரஸ்' வந்த அதே நவம்பரில்தான் 'தி இன்கிரெடிபிள்ஸ்' என்ற அனிமேஷன் படமும் வந்தது. பெரிய தாடை, குச்சிக் கால்கள், எந்த ஊரிலும் இல்லாத மனிதர்கள். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைச் சண்டையில் யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் பார்வையைத் தவிர்க்கிறார்கள் என்பது ஒவ்வொரு கணமும் புரியும். எனக்கு அதுதான் யதார்த்தம்.

ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-இல் ஒன்று எழுதினார். பொம்மை மனிதனை நெருங்க நெருங்க நமக்கு அதன்மேல் ஒட்டுதல் கூடும். கிட்டத்தட்ட மனிதனாகிவிட்ட இடத்தில் திடீரென்று ஒரு பள்ளம், அங்கே ஒட்டுதல் போய் ஒவ்வாமை வந்துவிடும் என்றார். அந்தப் பள்ளத்தின் ஆழம் எல்லா முகத்துக்கும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். கோலத்தை அதற்குமுன் யாரும் நேரில் பார்த்ததில்லை, அதனால் ஒப்பிட ஆளில்லை. ரஜினியை நாம் 1975-லிருந்து பார்க்கிறோம். அவர் திரும்பும் வேகம், சிரிப்புக்கு முன்னால் கண்ணில் வரும் மினுக்கு, எல்லாம் நமக்கு மனப்பாடம். முன்பின் தெரியாத முகத்துக்கு அது பள்ளம் என்றால், ரஜினிக்கும் நாகேஷுக்கும் அது கிணறு.

சிற்பிகள் சிலைக்குக் கண் திறப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்வார்கள். கணினியில் நடிகர்களை உருவாக்குபவர்கள் அந்த வேலையை முதலில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இப்போது மறைந்த நடிகர்களைத் திரும்பக் கொண்டுவருவது வழக்கமாகி வருகிறது. 2024-இல் விஜயகாந்தையும் அப்படிப் பார்த்தோம். முகத்தை எடுப்பதற்குமுன், அந்த மனிதர் எதிரில் நிற்பவரை எப்படிப் பார்ப்பார் என்று உட்கார்ந்து படிக்க ஓர் ஆள் வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பா 'திருவிளையாடல்' தருமி காட்சியைப் போடச் சொன்னார். கோயில் மண்டபத்தில் நாகேஷ் தனியாகப் புலம்புகிறார். எதிரில் யாரும் இல்லை. ஆனாலும் அந்தக் கண் தூணைப் பார்க்கிறது, வானத்தைப் பார்க்கிறது, யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறது. அப்பா அதை மூன்று தடவை பார்த்தார்.