ரெண்டாவது எப்போ என்று கேட்பவர்களுக்கு ஒரு சிபிஎஃப் கணக்கு

சிங்கப்பூரில், தேக்காச் சந்தையில் காய்கறி வாங்கினாலும் சரி, கோயிலில் அன்னதான வரிசையில் நின்றாலும் சரி, ஒற்றைப் பிள்ளையோடு ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டால் "ரெண்டாவது எப்போமா?" என்று கேட்காமல் நம் ஆட்களுக்கு இருப்புக்கொள்ளாது. பக்கத்திலேயே பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற புருஷனை யாரும் கேட்பதில்லை.

1972-இல் இரண்டோடு நிறுத்துங்கள் என்று பிரசாரம் செய்த ஊர் இது. 1987-இல் வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். 2023-இல் கருவள விகிதம் 0.97, அதாவது சராசரியாக ஒரு பெண்ணுக்கு ஒரு பிள்ளைகூட இல்லை. பழி மட்டும் நேராக வேலைக்குப் போகிற பெண்கள் மேல்.

பால்மாவு, டயப்பர், சைல்ட்கேர் கட்டணம் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற செலவு. தெரியாத செலவைச் சொல்கிறேன். 4,000 வெள்ளி சம்பளம் வாங்கும் முப்பது வயதுப் பெண்ணுக்கு அவள் பங்கு 20 விழுக்காடு, முதலாளி பங்கு 17 என்று மாதம் 1,480 வெள்ளி சிபிஎஃப் என்கிற கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பில் விழும். பிள்ளைக்காக ஐந்து வருஷம் வீட்டில் இருந்தால் 88,800 வெள்ளி போச்சு, அதுவும் வட்டி, சம்பள உயர்வு எதையும் சேர்க்காமல். எச்டிபி, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டுக் கடனை இரண்டு பேருடைய சிபிஎஃப் சாதாரணக் கணக்கிலிருந்தும் கட்டுகிற வீடுகளில், அவள் பக்கம் வருவது நின்ற மாதமே கணவன் ரொக்கத்தை எடுத்து வைக்க வேண்டியிருக்கும். அப்போதுதான் பல வீடுகளில் அவள் சம்பளம் 'கைச்செலவுக்கு' இல்லை என்பதே உறைக்கும்!

நானும் ரெண்டாவதுக்காக வேலையை விட்டவள்தான். திரும்பப் போனபோது இன்டர்வியூவில் "இடையில் என்ன செய்தீர்கள்" என்று கேட்டார்கள், பிள்ளை வளர்த்தேன் என்றேன், பழைய சம்பளத்தைவிடக் குறைத்துத்தான் கொடுத்தார்கள்.

கணவனின் வேலை பாஸை ஒட்டிக் கிடைக்கிற டிபென்டன்ட் பாஸில் வந்த தங்கைகள் கதை இன்னும் மோசம். முன்பு அனுமதிக் கடிதம் வாங்கி வேலைக்குப் போனார்கள். 2021 மே மாதத்திலிருந்து சொந்தமாக வொர்க் பாஸ் கிடைத்தால்தான் வேலை. ஊரில் எஞ்சினியராக இருந்த பெண் இங்கே பொங்கோலில் நாலு சுவருக்குள் இருக்கிறாள், அவளிடம் போய் "சும்மாதானே இருக்கே, இன்னொண்ணு பெத்துக்கோ" என்கிறோம். விரும்பி வீட்டில் இருப்பதும் வேறு வழியில்லாமல் இருப்பதும் ஒன்றா?

அப்பாக்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து நாலு வாரம் சம்பளத்தோடு விடுப்பு கட்டாயமாகியிருக்கிறது. நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப் போங்கள் என்று சைல்ட்கேரிலிருந்து போன் வருகிறதே, அது யாருக்கு வருகிறது? நாங்கள் சைல்ட்கேரில் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் முதல் எண் என் கணவருடையது. அடிப்பது என் போன்தான், மீட்டிங் நடுவில். பிள்ளைகளுக்குத் தொற்றுகிற 'கை, கால், வாய்ப்புண்' நோய் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், அந்த வாரம் முழுக்க என் லீவுதான் கரையும்.

அதனால் என் கட்சி இதுதான்: இரண்டு பேரும் சேர்ந்து பெறுகிற பிள்ளைக்கு அவள் ஓய்வுக்காலப் பணம் மட்டும் கரையக் கூடாது. வேலையை விட்ட மனைவியின் சிபிஎஃப்-இல் கணவன் ரொக்கமாகப் போடலாம், வருமானம் இல்லாத மனைவிக்குப் போட்டால் ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை வரிக்கழிவும் உண்டு. தங்கத்துக்குச் சீட்டுக் கட்டுகிற நமக்கு இது மட்டும் ஏன் தோன்றுவதில்லை? உங்களுக்குத் தெரிந்து இப்படி மாதாமாதம் போடுகிற அண்ணன்மார் யாராவது இருந்தால் கமென்டில் சொல்லுங்கள், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.