குழாயில் காற்றடைத்து மரத்துக்குக் கயிறு விடாதீர்கள்

விதை எடுக்க எங்களோடு மரம் ஏற வருகிற தம்பி ஒருவன் போன ஞாயிறு புதுக் கருவி ஒன்றைச் செய்து கொண்டுவந்தான். இரண்டு அங்குல பிவிசி குழாய், சைக்கிள் டியூப் வால்வு, சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடும் மின்வால்வு. பம்பில் காற்றடித்துப் பொத்தானை அழுத்தினால், நூல் கட்டிய ஈயக்குண்டுப் பை தான்றி மரத்தின் மேல்கிளையைத் தாண்டி அந்தப் பக்கம் விழுகிறது. நூலில் கயிற்றைக் கட்டி இழுத்துவிட்டு ஏற வேண்டியதுதான். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அடிவயிறு கலங்கியது.

குழாயை வாங்கிப் பார்த்தேன். தோட்டத்தில் கிடந்த பழைய குழாய், வெயில் பட்ட பக்கம் வெளுத்திருந்தது. 6 கிலோ என்று அச்சு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு அவ்வளவு அழுத்தம் தாங்கும். "85 பிஎஸ்ஐ தாங்கும் அண்ணா, நான் 70க்கு மேல அடிக்கிறதில்ல" என்றான். கணக்கு சரிதான், அந்த 6 கிலோவைப் பவுண்டுக் கணக்கான பிஎஸ்ஐயில் சொன்னால் அவ்வளவுதான். ஆனால் அந்த 6 கிலோ தண்ணீருக்குச் சொன்னது, அதுவும் 27 டிகிரியில். குழாய் சூடேற ஏறத் தாங்கும் சக்தி குறையும். தண்ணீர்க் குழாய் விரிசல் விட்டால் பீய்ச்சியடிக்கும், அழுத்தம் உடனே இறங்கிவிடும். அடைத்த காற்று அமுக்கிவைத்த சுருள்வில் மாதிரி. விரிசல் விட்டால் குழாயையே சில்லு சில்லாக்கி எறியும். பிவிசியில் அழுத்தக் காற்று ஆபத்து என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை 1988லேயே எச்சரித்தது. இவன் அதைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துச் சுடுகிறான். நடுவே மூன்று மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கூட இல்லை.

"துப்பாக்கி இல்லையே அண்ணா" என்றான் அடுத்து. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, காற்றுத் துப்பாக்கியிலிருந்து குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ, குழலின் துளை 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். 300 கிராம் பையை 20 மீட்டர் உயரம் அனுப்பவே ஏறக்குறைய 59 ஜூல் ஆகும். துளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆயுதமா, கருவியா என்று நீதிமன்றத்தில் வாதாடலாம்தான். கொல்லிமலை, ஜவ்வாதுமலைப் பக்கம் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை ஊர் ஊராகக் கேட்கிறது. அங்கே இந்தக் குழாயோடு சோதனைச்சாவடியில் நிற்கிற பையனை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

சரணாலயம் என்றால் இன்னும் கடுமை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வில் அம்பு, வலை, கத்தியைக்கூட ஆயுதம் என்கிறது. முன் அனுமதியில்லாமல் அவற்றோடு உள்ளே போகக் கூடாது. ஆகவே உண்டிவில்லும் நம் தோட்டத்து மரங்களுக்குத்தான்.

ஆமாம், உண்டிவில். எட்டடிக் கம்பின் தலையில் பெரிய உண்டிவில்லைப் பொருத்தி, கம்பைத் தரையில் ஊன்றி இழுத்துவிட்டால் இதே தான்றி மரத்துக்கு நூல் போகும். வெடிக்க அதில் ஒன்றுமில்லை. அதற்கும் முன்னால் வெறும் கை இருக்கிறது. பையை இரண்டு கால்களுக்கு நடுவே ஊஞ்சல் மாதிரி ஆட்டி விட்டால் பழகிய கைக்கு 15 மீட்டர் தாராளமாக வரும். பழக மாதக்கணக்கில் ஆகும், தோள் வலிக்கும், தெரியும்.

எதில் விட்டாலும் பை கவட்டையில் சிக்கினால் முழுப் பலத்தோடு இழுக்காதீர்கள். நூல் ரப்பர் மாதிரி நீண்டு, பை விடுபட்டு நேராக முகத்துக்கு வரும். என் நண்பனின் கன்ன எலும்பு அப்படித்தான் உடைந்தது. பை விழும் பக்கம் ஆள் இருக்கிறதா, மின்கம்பி போகிறதா என்று சுற்றிப் பார்க்காமல் எறியவே கூடாது. கயிறு ஏறியதும் இரண்டு பேர் தொங்கிப் பார்த்த பிறகுதான் ஒருவர் ஏற வேண்டும்.

தென்னை ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் பயிற்சி தருகிறது. கயிற்றில் ஏறும் இந்தப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒன்று ஊர்தோறும் வர வேண்டும். அதுவரை என்ன செய்வது? அந்தத் தம்பியின் குழாயிலிருந்து வால்வைக் கழற்றி வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை கையால் எறிந்து பழக வரச் சொல்லியிருக்கிறேன், தலைக்கவசத்தோடு.