அந்தப் பிள்ளை இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை

சனிக்கிழமை நடந்த பள்ளிக்கூடப் பிரியாவிடை விழா வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முழுதாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்த மாணவியின் கையிலிருந்து மேடையில் இருந்த ஒருவர் எழுந்து வந்து மைக்கை வாங்குகிறார். வாங்கும்போது சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு மூன்று நாளாக என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

யாருக்கு நன்றி சொல்வது என்பதை நன்றி சொல்கிற பிள்ளைதான் தீர்மானிக்க வேண்டும். அதிபர் இல்லை, பழைய மாணவர் சங்கம் இல்லை, நானும் இல்லை.

அவள் ஒழுங்காகத்தான் தொடங்கினாள். அதிபருக்குச் சொன்னாள், வகுப்பாசிரியருக்குச் சொன்னாள், கணக்கீடு படிப்பித்த மிஸ்ஸின் பெயரைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அதற்குப் பிறகுதான் போட்டோகொப்பிக் கடை அண்ணாவுக்கு வந்தாள். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்களே, அந்த நேரம் கடந்தகால வினாத்தாள்களைக் கடனுக்கு அடித்துக் கொடுத்தவர் அவர். அடுத்து, பள்ளிக்கூடத்தில் கழிவறை கழுவுகிற அக்கா. ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை முதல் நாள் பயத்தில் சத்தி எடுத்தபோது, வெள்ளைச் சட்டையின் முன்பக்கத்தை மட்டும் அலசிப் பிழிந்து, தன் சேலைத் தலைப்பால் ஒற்றி ஒற்றிக் காயவைத்து, மணி அடிக்கும் முன் மண்டபத்துக்குள் அனுப்பிவிட்டவர். "அந்த அக்கா இல்லையென்றால் நான்..." என்று தொடங்கினாள். மைக் போய்விட்டது.

நேரம் இல்லை என்கிறார்கள். சரி, நேரம் முக்கியம்தான். பிரதம விருந்தினர் நாற்பது நிமிடம் பேசினாரே, அப்போது யாருடைய கடிகாரமும் ஓடவில்லையா? இதற்கு மேல் அந்தக் காரணத்தைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

இன்னொன்றை நியாயமாக ஒத்துக்கொள்கிறேன். முன்கூட்டிக் காட்டிய பேச்சில் இந்தப் பெயர்கள் இருக்கவில்லையாம். அது பிழைதான், பிள்ளை சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லியிருந்தால் அனுமதித்திருப்பீர்களா? கையை நெஞ்சில் வைத்துச் சொல்லுங்கள்.

"கழிவறை கழுவுகிறவரைப் பற்றிச் சொல்வதற்கா மேடை?" என்று அந்த வீடியோவைப் பற்றி எழுதியிருந்தவருக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் என்னோடு படித்தவர்.

1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் வீட்டை விட்டு வெளிக்கிட்டு, அடுத்த வருடம் அம்மாவும் நானும் கொழும்புக்கு வந்து சேர்ந்தோம். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் ஒரே அறை. வடக்கிலிருந்து வந்து தங்குகிற தமிழர் பொலிஸில் பதிய வேண்டிய காலம், அந்தப் பதிவுத் துண்டை அம்மா உள்பாவாடைப் பையில் வைத்திருப்பார். அந்த வருடம் மழை பொய்த்து மின்வெட்டு. மெழுகுதிரி வாங்கக் காசு கணக்குப் பார்க்க வேண்டும். லொட்ஜ் சமையற்கட்டில் ஒரு அக்கா வேலை செய்தார், மலையகத்திலிருந்து வந்தவர். செவ்வாய்க்கிழமை தோறும் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போவார். திரும்பி வரும்போது எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை ஒரு சொப்பிங் பையில் கட்டிக்கொண்டு வருவார். சுண்டுவிரல் அளவு, சிலது அதைவிடச் சின்னது, மண் ஒட்டியிருக்கும். அதையெல்லாம் பால்மா டின் மூடியில் உருக்கி, நடுவில் பருத்தித் திரி போட்டு, "இந்தா பாப்பா, இது விடியமட்டும் நிக்கும்" என்று தருவார். அந்த வெளிச்சத்தில்தான் நான் ஏ.எல். (உயர்தரம்) படித்தேன். இன்றைக்கும் மெழுகு மணந்தால் எனக்குப் பொருளியல் பாட வரைபடங்கள் கண்ணுக்குள் வரும்.

எங்கள் பிரியாவிடையில் நன்றியுரை சொன்னது நான். அதிபருக்குச் சொன்னேன், உப அதிபருக்குச் சொன்னேன், தேநீர் அனுசரணை தந்த கடைக்கும் சொன்னேன். மெழுகுதிரி அக்காவைச் சொல்லவில்லை. மறக்கவில்லை, நன்றாக ஞாபகம் இருந்தது. லொட்ஜில் இருக்கிற பிள்ளை என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்ற வெட்கம். என் கையிலிருந்து யாரும் மைக்கைப் பறிக்கவில்லை, நானே விழுங்கிவிட்டேன். பதினெட்டு வயதில் எனக்கு இல்லாத தைரியம் இந்தப் பிள்ளைக்கு இருந்தது. அதைத்தான் நீங்கள் சிரித்துக்கொண்டே பறித்தீர்கள்.

நான் பள்ளிக்கூடத்துக்கு எதிரி இல்லை. கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில், 1945இல் இலவசக் கல்வி வராமல் இருந்திருந்தால் என் அம்மாவின் பரம்பரையில் ஒருவரும் ஏ.எல். பக்கம் போயிருக்க மாட்டோம். 1980இலிருந்து பாடப்புத்தகம் சும்மா கிடைக்கிறது, 1993இலிருந்து சீருடைத் துணியும். அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? ஒரு கிலோ சீனி வாங்கும்போது அந்தக் கழிவறை அக்காவும் வரி கட்டுகிறார். உங்கள் பிள்ளையும் என் பிள்ளையும் படித்த படிப்பில் அவருடைய பங்கும் இருக்கிறது. அவருக்கு நன்றி சொன்னால் பள்ளிக்கூடத்தின் மரியாதை எப்படிக் குறையும்? எனக்கு விளங்கவே இல்லை.

இந்தப் பிள்ளைகள் எதையெல்லாம் தாண்டி வந்தவர்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் பூட்டும்போது ஒன்பதாம் வகுப்பு. ஒரு போனை மூன்று பிள்ளைகள் பங்குபோட்டுப் படித்த வீடுகள் எனக்குத் தெரியும். பிறகு பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு, பெற்றோல் வரிசை. 2022 ஓ.எல். பரீட்சையை 2023 மே கடைசியில்தான் தொடங்கினார்கள். உயர்தரம் எழுதிக்கொண்டிருக்கும்போது டித்வா புயல் வந்து பரீட்சை பாதியில் நின்றது. களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டிப் பக்கம் தண்ணீர் ஏறியபோது இவளுடைய புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போய் வேறொரு வீட்டு மேல்மாடியில் வைத்தவர் ஸ்கூல் வான் மாமா. மிச்சப் பாடங்களை ஜனவரியில் அந்தப் புத்தகங்களைப் படித்துத்தான் எழுதினாள். வான் மாமாவும் அந்தப் பட்டியலில் இருந்தார். அவர் முறை வரவே இல்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நேற்றுப் பின்னேரம் போய் அவளைப் பார்த்தேன். அழவில்லை, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி என்ன வரும், எந்தக் கம்பஸ் கிடைக்கும் என்று கலகலப்பாகப் பேசினாள். பேச்சு எழுதிய தாளைக் காட்டச் சொன்னேன். நான்காய் மடித்த கொப்பித் தாள். மைக் போன இடத்துக்குக் கீழே இன்னும் மூன்று பெயர்கள். வான் மாமா, பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சி, கடைசியாக அம்மா. அம்மாவைக் கடைசிக்கு வைத்தது வேண்டுமென்றேதானாம். ஆறாவது வரிசையில் இருந்தாராம், அன்றைக்கென்று ஹோட்டல் வேலையில் அரைநாள் லீவு எடுத்து.

தாளைப் படம் எடுத்துப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் அன்ரி, நானே வாசிக்கிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் வீட்டு முற்றத்தில் வாசிக்கிறாள். கழிவறை அக்காவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன், வருகிறேன் என்றார். போட்டோகொப்பிக் கடை அண்ணா கடையைப் பூட்டிவிட்டு வருவார். மைக் இல்லை, கதிரைகள் இருக்கின்றன. வரக்கூடியவர்கள் வாருங்கள். அன்று சிரித்தவரும் வரலாம்.