உள்விஷயம் தெரிந்தவர் லாபம் பார்த்தால் பில் யாருக்கு வருகிறது?

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இப்போதெல்லாம் கல்யாணப் பந்தியிலும் பங்குச் சந்தைப் பேச்சுதான். "கம்பெனிக்குள்ள நம்ம ஆள் இருக்காரு, வாங்கிப் போடுன்னு சொல்லிட்டாரு" என்று ஒருவர் ஆரம்பித்தால், பக்கத்து இலைக்காரர் அவரைப் பொறாமையோடு பார்க்கிறார். இதில் யாருக்கு நஷ்டம், விற்கிறவன் விரும்பித்தானே விற்கிறான் என்றும் கேட்கிறார்கள்.

நஷ்டம் இருக்கிறது. எல்லோர் தலையிலும் பிரித்து வைப்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

சந்தையில் ஒரு பங்குக்கு எப்போதும் இரண்டு விலை. நீங்கள் வாங்கினால் ஒன்று, விற்றால் அதைவிடக் கொஞ்சம் குறைவாக இன்னொன்று. அந்த விலைகளைச் சொல்லிக்கொண்டு நடுவில் நிற்கிறவருக்கு, எதிரில் வருவது யார் என்று தெரியாது. மகள் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்கிறவராக இருக்கலாம். நாளைக்கு வரப்போகும் கெட்ட செய்தியை இன்றே கேட்டுவிட்டவராகவும் இருக்கலாம். இரண்டாமவரிடம் அவர் தோற்பது நிச்சயம். அந்த நஷ்டத்தை முதலாமவரிடம்தான் வசூலிக்க முடியும். அதனால் இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளியை அகட்டி வைக்கிறார். குளோஸ்டன், மில்க்ரம் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1985-இல் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். உள்விஷயம் தெரிந்தவர்கள் கூடக் கூட இடைவெளி அகலும். அளவுக்கு மீறினால் விலை சொல்லவே ஆள் இருக்காது, வியாபாரமே நின்றுபோகும்.

ஒரு சின்னக் கம்பெனிப் பங்கை வாங்க 4.20 ராண்ட், விற்க 3.80 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய நிமிடமே விற்றால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு போச்சு. அந்த 40 சென்ட் முழுவதும் உள்விஷயக்காரர்களால் வந்தது என்று சொல்ல மாட்டேன். வாங்க விற்க ஆள் குறைவாக இருப்பதும் ஒரு காரணம். ஆனால் ஆள் ஏன் குறைகிறார்கள் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

பெரிய பங்குகளில் கதை வேறு. அங்கே கூட்டம் அதிகம், ஒளிந்துகொள்வது சுலபம். அமெரிக்கத் தரவுகளை வைத்து கொலன்-துஃப்ரேன், ஃபோஸ் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், விவரம் தெரிந்த பெரிய முதலீட்டாளர்கள் வாங்கிய நாட்களில் சந்தை வழக்கத்தைவிட நல்ல புழக்கத்தோடு இருந்தது தெரியவந்தது. கூட்டம் இருக்கும் நாளாகப் பார்த்து அவர்கள் வருகிறார்கள். இடைவெளி குறுகலாக இருக்கிறது, அதனால் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று நினைப்பது ஏமாளித்தனம்.

ஸ்டைன்ஹாஃப் என்ற மரச்சாமான் வியாபாரக் கம்பெனியின் விவகாரத்தை நம் நாட்டில் மறந்தவர் இருக்க முடியாது. 2017 டிசம்பர் 5 இரவு, கணக்கில் முறைகேடு என்று கம்பெனியே அறிவித்தது. தலைமை நிர்வாகி மார்கஸ் யூஸ்டே விலகினார். மறுநாள் பங்கு விலை 60 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அதற்குச் சில நாள் முன்பே, நவம்பர் 30-ஆம் தேதி, தெரிந்தவர்கள் சிலருக்குப் பங்கை விற்றுவிடச் சொல்லி அவர் எஸ்எம்எஸ் அனுப்பியிருந்தார். செய்தியை அழித்துவிடச் சொன்னார் என்பது கூடுதல் தகவல்! முன்கூட்டியே விற்றவருடைய பங்கை அன்றைய விலைக்கு யாரோ ஒருவர் வாங்கியிருப்பார் இல்லையா? ஆசிரியர், நர்ஸ், போலீஸ்காரர்களின் ஓய்வூதிய நிதியும் இந்தக் கம்பெனியில் பணம் போட்டிருந்தது. அவர்கள் ஓய்வூதியத்துக்கு அரசு பொறுப்பு, அதனால் மாதப் பணம் குறையவில்லை, சரி. அரசு என்றால் யார் பணம்?

இதைச் சொன்னவுடன், தெரிந்து வியாபாரம் செய்கிற எல்லோரையும் திருடன் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வெளியில் கிடைக்கும் ஆண்டறிக்கைகளை ராத்திரி முழுக்கப் படித்து, கணக்கு உதைக்கிறதே என்று கண்டுபிடித்துப் பங்கு விலை இறங்கும் என்று பந்தயம் கட்டுகிறவர் சந்தைக்குக் கட்டாயம் வேண்டும். அவராலும் இடைவெளி கொஞ்சம் அகலத்தான் செய்யும். ஆனால் பதிலுக்கு விலை உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது, கணிப்பு பிசகினால் அவர் பணமும் போகிறது. எஸ்எம்எஸ் வந்து விற்றவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. எப்படியும் வெளியே வரப்போகிற செய்தியை நாலு நாள் முன்னால் காசாக்கிக்கொண்டார். இன்சைடர் டிரேடிங்கால், அதாவது உள்விஷயம் தெரிந்து செய்யும் வியாபாரத்தால், விலை சீக்கிரம் சரியாகிறது என்று 1966-இலேயே வாதாடிய அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ஹென்றி மேன்னிடம் நான் ஒத்துப்போகாத இடம் இதுதான்.

நம் நாட்டின் 2012-ஆம் ஆண்டு நிதிச் சந்தைகள் சட்டத்தில் 78-ஆம் பிரிவு இருக்கிறது. உள்விஷயத்தை வைத்துத் தானே வியாபாரம் செய்வது மட்டுமல்ல, இன்னொருவருக்குத் துப்புக் கொடுப்பதும் குற்றம். பந்தியில் பெருமை பேசுகிறவர்கள் அதை ஒருமுறை படித்துவிட்டுப் பேசலாம். ஆனால் சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதுமா? நூற்றுச் சொச்சம் நாடுகளை எடுத்துப் பார்த்த பட்டாச்சார்யா, டாவுக் ஆய்வு 2002-இல் வந்தது. சட்டம் இயற்றியதால் மட்டும் கம்பெனிகளுக்கு மூலதனம் மலிவாகவில்லை, முதல் வழக்கு போட்ட பிறகுதான் செலவு குறைந்தது என்றது அது. நம் ஊரில் யூஸ்டேயின் அந்த எஸ்எம்எஸ்ஸுக்கு 2020-இல் நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பினர் 16 கோடி ராண்டுக்கு மேல் அபராதம் போட்டார்கள். தீர்ப்பாயம் திருப்பி அனுப்ப, அது 2 கோடியாகச் சுருங்கியது. கிரிமினல் வழக்கு விசாரணைக்கு வருவதற்குள், 2024 மார்ச்சில், அந்த மனிதரே இறந்துவிட்டார்.