அன்னப்போஸ்ட்

போன வாரம் மதுரை ஒத்தக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மாமா முறை வருகிற தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் உள்ளாட்சித் தேர்தல் பேச்சை எடுத்தார். "எங்க ஊர்ல இந்தத் தடவையும் அன்னப்போஸ்ட்தான் மாப்ள. மந்தையில உக்காந்து பேசி முடிச்சிருவோம். சண்டை இல்ல, சச்சரவு இல்ல. போலீஸ் ஜீப்பு ஊருக்குள்ள வர்ற சோலியே இல்ல."

அன்னப்போஸ்ட் என்றால் போட்டியே இல்லாமல் தேர்வாவது. மந்தை எங்கள் பக்கத்து ஊர்ப் பொதுத் திடல். பெருமையாகத்தான் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அவர் காசில் டீ குடித்துக்கொண்டு அவரிடம் என்ன சண்டை போடுவது? அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். தேர்தல் வந்தால் எங்களுக்குப் பூத் வேலை வந்துவிடும். 2011 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலில் மேற்கே மலையடிவாரத்தில் ஓர் ஊருக்குத் தலைமை அலுவலராகப் போட்டார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். கிராமத்தில் ஓர் ஆளுக்கு நாலு ஓட்டு என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, பஞ்சாயத்துத் தலைவருக்கு ரோஸ், ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் நாள் ஒன்றிய அலுவலகத்தில் பெட்டி, அரக்கு, மை, முத்திரைக் கட்டை எல்லாம் எண்ணி வாங்கினோம். எங்கள் மூட்டையில் ரோஸ் சீட்டு இல்லை. தலைவர் பதவிக்குப் போட்டியில்லை என்றார்கள். ஒரு சீட்டு எண்ணுகிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி எட்டு மணிக்குத் தூக்குவாளியில் கறிக்குழம்பு வந்தது. போட்டியில்லாமல் தேர்வானவர் வீட்டிலிருந்துதான். தேர்தல் வேலைக்குப் போகிறவர்கள் யார் வீட்டுச் சாப்பாடும் சாப்பிடக் கூடாது. ஆனால் அந்த ஊரில் கடை கிடையாது, பசி இருந்தது, சாப்பிட்டோம். சாப்பாடு கொண்டுவந்தவரே, பதவி ஏலத்தில் எவ்வளவுக்குப் போனது, அந்தப் பணத்தில் கோயிலுக்கு என்னென்ன திருப்பணி நடக்கப்போகிறது என்று விலாவாரியாகச் சொன்னார். ஒளிவு மறைவே இல்லை. நான் பிறந்ததும் அந்த மந்தையில் உட்கார்ந்து பேசுகிற சாதிதான். என் முன்னால் பேசுவதற்கு அவருக்கு ஏன் கூச்சம் இருக்கப்போகிறது?

மறுநாள் காலையில் ஒரு கிழவி வந்தார். மூன்று சீட்டையும் வாங்கி விரித்துப் பார்த்துவிட்டு, "ரோஸ் சீட்டு எங்கய்யா?" என்றார். போட்டியில்லை என்றேன். "போன தடவையும் இதையேதான் சொன்னீக" என்றபடி மறைவுக்குள் போனார்.

பதினொரு மணி வாக்கில் ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். மை வைக்க விரலை நீட்டியபடியே, என் காதில் மட்டும் விழுகிற மாதிரி, "வாபஸ் வாங்குனது நான்தான் சார்" என்றான். ஏன்ப்பா என்று கேட்டேன். வாத்தியார் புத்தி, எதையாவது கேட்டுவிடும். "ஒரு ராத்திரி எங்க வீட்டு வாசல்ல நாலு பேர் வந்து நின்னாய்ங்க சார். ஒன்னுமே பேசல. கொஞ்ச நேரம் நின்னாய்ங்க, போய்ட்டாய்ங்க. மறுநாள் எங்க தெருவுக்கு மட்டும் தண்ணி வரல. வால்வு அவங்க கையில. எங்கப்பா அழுதாரு. கையெழுத்து என்னோடதுதான் சார், யாரும் கையைப் பிடிச்சு வாங்கல."

மூன்று சீட்டிலும் குத்திவிட்டுப் போய்விட்டான்.

சாயங்காலம் தலைமை அலுவலரின் நாட்குறிப்பை நிரப்பும்போது, அசம்பாவிதம் ஏதும் உண்டா என்ற இடத்துக்கு வந்தேன். ஒன்றுமில்லை, வாக்குப்பதிவு அமைதியாக நடந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் இல்லை. எங்கள் பூத்தில் ஒரு சத்தம் கூட இல்லை. காவலுக்கு வந்த இரண்டு போலீஸ்காரர்களும் ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டார்கள். கெடவேண்டியதெல்லாம் வேட்புமனு வாபஸ் பெறுகிற நாளன்றே கெட்டுப்போயிருந்தது.

தேர்தல் அராஜகம் என்றால் நம் மனதில் வருவது பூத்தைக் கைப்பற்றுவது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, சோடா பாட்டில். அதனால் பாதுகாப்பு முழுவதையும் ஓட்டுப்போடுகிற நாளில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். ஊரில் செல்வாக்கு உள்ளவனுக்கு அந்த நாளே தேவையில்லை. மனுத் தாக்கலுக்கும் வாபஸுக்கும் நடுவில் இருக்கிற சில நாள் போதும். அதையும் தாண்டி எதிராளி ஜெயித்துவிட்டால், எண்ணி முடித்த பிறகு ஐந்து வருஷம் இருக்கிறது. இந்த இரண்டு காலத்திலும் அந்தப் பையன் வீட்டு வாசல் மாதிரி இடங்களில் போலீஸும் நிற்காது, பார்வையாளரும் நிற்கமாட்டார்.

தேர்தல் அறிவித்ததும் உரிமம் உள்ள துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். நல்ல ஏற்பாடு. நம் பக்கம் எத்தனை பேரிடம் துப்பாக்கி இருக்கிறது? அருவாளுக்கு ஏது லைசென்ஸ்? அது தென்னை மட்டை வெட்டவும் வீட்டில் தொங்கும், கருப்பசாமி முன்னாலும் நடப்பட்டு நிற்கும். சில பையன்களைப் பிடித்து நன்னடத்தைப் பிணைப் பத்திரம் எழுதி வாங்குவார்கள். எழுதிக் கொடுக்கிறவன் வாசலில் நிற்கப்போகிறவன். அவனை அனுப்பிவைத்தவர் அதே ஸ்டேஷனில் நாற்காலியில் உட்கார்ந்து அமைதிக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருப்பார்.

எண்ணி முடித்த பிறகு என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே மேலவளவு இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம், 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் எல்லாம் வந்து, 1996-ல் மேலூர் பக்கத்து மேலவளவுத் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. முதலில் மனுப் போட்டவர்களைப் பின்வாங்க வைத்தார்கள். பிறகு நடந்த வாக்குப்பதிவில் பூத்துக்குள் புகுந்து அடித்தார்கள். ஒருவழியாக 1996 டிசம்பர் கடைசியில் மறுவாக்குப்பதிவு நடந்து முருகேசன் தலைவரானார். அரசாங்கத்தின் கணக்கில் தேர்தல் நடந்து முடிந்துவிட்டது. 1997 ஜூன் 30 அன்று மதுரைக் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவரை, பஸ்ஸை மறித்துப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அவரும் துணைத் தலைவர் மூக்கனும் உட்பட ஆறு பேர். 2001-ல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது.

மேலூர் ரோட்டில் போகும்போதெல்லாம் நான் நினைப்பது ஒன்றுதான். ஓட்டுப்பெட்டிக்கு அத்தனை காவல் போட்டவர்கள், அந்தப் பெட்டியிலிருந்து வெளியே வந்த மனிதருக்கு எத்தனை பேரைப் போட்டார்கள்?

அதே காலத்தில் உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், அப்புறம் விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். நாலும் தனி ஊராட்சிகள், அதாவது தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. அங்கே வேறு வழி. மனுவே விழாது. விழுந்தால், ஊர் பெரியவர்கள் பார்த்து நிறுத்திய ஆள் ஜெயிப்பார், பதவியேற்பார், உடனே ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பழைய வேலைக்குப் போவார். 1996-ல் இருந்து பத்து வருஷம் இந்தக் கூத்து நடந்தது. ஒவ்வொரு முறையும் ஆபீசர்கள் போனார்கள், பெட்டி போனது, போலீஸ் போனது. கேட்டால் எல்லாம் சட்டப்படி. 2006 அக்டோபரில்தான் நிலைமை மாறியது. அன்றைய மதுரைக் கலெக்டர் உதயச்சந்திரன் திரும்பத் திரும்பத் தன் மாவட்டத்து ஊர்களுக்குப் போய் உட்கார்ந்து பேசினார். தேர்தல் நடந்தது, தலைவர்கள் ராஜினாமா செய்யவில்லை. ஓட்டுக்கு முதல் நாள் படையை இறக்கினதால் வந்த பலன் இல்லை அது. அதற்கு முன்னாலிருந்தே ஓர் அதிகாரி விடாமல் போய்க்கொண்டிருந்தார்.

நம் ஊர் மட்டும் இப்படி என்று நினைத்துக் குறுகிப்போக வேண்டாம். பிலிப்பைன்ஸில் மகிந்தானோ என்று ஒரு மாகாணம் இருந்தது. 2009 நவம்பர் 23 அன்று கவர்னர் தேர்தலுக்கு மனுத் தாக்கல் செய்யக் கிளம்பினார்கள். பெண்களும் பத்திரிகைக்காரர்களும் கூட வந்தால் தொடமாட்டார்கள் என்று நம்பி வேட்பாளர் தன் மனைவியையும் சகோதரிகளையும் அனுப்பினார். ஆளும் குடும்பத்தின் சொந்த ஆயுதப் படை வழியில் மறித்து 58 பேரைக் கொன்றது. அதில் 32 பேர் பத்திரிகைத் துறையினர். அங்கே மனுவைக் கொடுக்கப் போகும் வழியில், இங்கே ஜெயித்தவர் வீட்டுக்குத் திரும்பும் வழியில். ஓட்டுச் சாவடியில் இரண்டுமே நடக்கவில்லை.

இன்னொன்று மேற்கு வங்கம், 2018 பஞ்சாயத்துத் தேர்தல். மொத்த இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போட்டியே இல்லை, கிட்டத்தட்ட இருபதாயிரம் இடம். மனு வாங்கும் ஆபீஸைச் சுற்றி ஆட்கள் தடியோடு நின்றார்கள் என்பது எதிர்க்கட்சிகளின் புகார். பாங்கர் என்ற பகுதியில் ஒன்பது பேர் மனுவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை ஏற்கச் சொன்னது. அந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் ஜெயித்தார்கள்! ஆபீஸ் வாசலைத் தாண்டவே விடாமல் வைத்திருந்த ஆட்களுக்கு ஊர் ஓட்டுப் போட்டிருக்கிறது. போட்டியில்லை என்றால் எதிர்ப்பில்லை என்று அர்த்தம் பண்ணுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நம் அரசாங்கங்களுக்கே இதில் தெளிவு கிடையாது. குஜராத்தில் ஊர் கூடிப் போட்டியில்லாமல் தேர்ந்தெடுத்தால் ஊக்கத்தொகை தருகிற திட்டம் 2001-ல் இருந்து இருக்கிறது, சம்ரஸ் என்று பெயர். பக்கத்து மகாராஷ்டிரத்தில் 2021 ஜனவரியில் உம்ராணே, கோண்டாமளி என்ற இரண்டு ஊர்களில் பதவியை ஏலம் விட்டது தெரியவந்ததும் மாநிலத் தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்தது. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஏலம் விட்டால் பதவி கிடைக்காது என்று நாலு ஊரில் நடந்துவிட்டால் ஐந்தாவது ஊரில் யோசிப்பார்கள்.

மாமா சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். போட்டித் தேர்தல் வந்தால் பங்காளிக்குள் பேச்சு நின்றுபோகும். முளைப்பாரி இரண்டாகப் பிரியும். தோற்றவன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஜெயித்தவன் போகமாட்டான். அவ்வளவையும் நான் பார்த்திருக்கிறேன். ஊர் கூடிப் பேசி ஒருவரை நிறுத்துவதும் தப்பில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் யார் உட்கார்ந்து பேசுகிறார்கள், யார் ஓரமாக நின்று கேட்கிறார்கள், யாருக்குத் தகவலே போவதில்லை? மந்தையில் பெண்கள் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. காலனித் தெருவிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டால் முடிவைச் சொல்லத்தான் கூப்பிடுவார்கள்.

கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் முக்கால்வாசி மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு முடிந்து தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தேர்தலை நேரத்தில் நடத்தச் சொல்கிற கோரிக்கை நியாயமானது. அதோடு என் ஆசைகளையும் சேர்த்துக்கொள்கிறேன். மனுவை உள்ளூரில் மட்டும் வாங்காமல், ஆன்லைனிலோ கலெக்டர் ஆபீஸிலோ கொடுக்க வழி வேண்டும். வாபஸ் வாங்க வருகிறவரைத் தனி அறையில் உட்காரவைத்து, கூட வந்தவர்களை வெளியே நிறுத்தி, ஏன் என்று ஓர் அதிகாரி கேட்க வேண்டும். கேமரா ஓடட்டும். ஒரே ஓர் ஆள் மிஞ்சுகிற ஊரில் விசாரித்த பிறகுதான் வெற்றிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், குறிப்பாகத் தனி ஊராட்சிகளில். ஜெயித்தவர்களைப் பதவியேற்புக்குப் பிறகும் கவனிக்க வேண்டும். 2020-ல் கடலூர் மாவட்டத்தில் ஒரு தலைவியைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படத்தை நாமெல்லோரும் பார்த்தோம். பட்டியல் சாதித் தலைவர்கள் சுதந்திர தினத்தில் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று 2022-ல் தலைமைச் செயலாளரே கலெக்டர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

இன்னொரு விஷயம், சின்னதுதான், ஆனால் ஊரில் இருப்பவர்களுக்கு இதன் கனம் தெரியும். ஒரு பூத்தில் சில நூறு ஓட்டுதான் இருக்கும். எண்ணி முடித்ததும் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று விரல் விட்டுச் சொல்லிவிடுவார்கள். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் பல பூத்களின் ஓட்டை மொத்தமாகக் கூட்டிக் காட்டுகிற டோட்டலைசர் கருவி வேண்டும் என்று 2008-ல் தேர்தல் ஆணையமே கேட்டது. 2015-ல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. இன்னும் வந்தபாடில்லை. அங்கேயே இந்த நிலை என்றால், வால்வு ஒருவர் கையில் இருக்கிற ஊரில் ரகசிய ஓட்டு எந்த மட்டுக்கு ரகசியம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையனை நாலைந்து வருஷம் கழித்து மாட்டுத்தாவணிப் பக்கம் பார்த்தேன். அவன்தான் என்னை அடையாளம் கண்டு வண்டியை ஓரங்கட்டினான். குட்டியானை ஓட்டுகிறான், காய்கறி லோடு. இரண்டு பிள்ளைகள். அடுத்த தேர்தலில் நிற்கப்போகிறாயா என்று விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"ஓட்டையே இங்க மாத்திட்டேன் சார்" என்றான். "அப்பா மட்டும் ஊர்ல இருக்காரு. அவருக்கு இப்ப தண்ணி ஒழுங்கா வருது."

பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்க, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.