எஸ்.எம்.டி.பி.யைத் தூக்கிப் போடும் முன்

மின்னஞ்சல் பழசாகிவிட்டது, சர்வருக்குச் சர்வர் அதைக் கடத்தும் எஸ்.எம்.டி.பி. நெறிமுறைக்கு (கணினிகள் பேசிக்கொள்ளும் விதிமுறைக்கு) பதிலாகப் புதிதாக ஒன்று கொண்டுவர வேண்டும் என்று சர்வர் வேலை பார்க்கிற தம்பிகள் பலர் பேசுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

1982இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி.யில் ஏழு பிட் ஆங்கில எழுத்து மட்டுமே போகும். தமிழ் போகாது, படம் போகாது. 1984இல் உலகத் தொலைபேசி நிர்வாகங்கள் கூடி எக்ஸ்.400 என்ற தரத்தை வெளியிட்டன. தாளில் பார்த்தால் அதுதான் மேல். பலவகைக் கோப்புகள், கடிதம் சேர்ந்ததற்கான ஒப்புகை எல்லாம் தொடக்கத்திலேயே உண்டு. அமெரிக்க அரசு, 1990 முதல் தன் துறைகள் எக்ஸ்.400 அடங்கிய, கணினி வலைகளுக்கான ஓ.எஸ்.ஐ. தரங்களையே கேட்டு வாங்க வேண்டும் என்று விதித்தது. 1995இல் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது.

காரணம் எளிது. பல்கலைக்கழகங்களில் எஸ்.எம்.டி.பி. பேசும் சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அங்கேதான் ஆட்கள் இருந்தார்கள். எக்ஸ்.400 முகவரியோ நாடு, நிர்வாகக் களம், நிறுவனம், பெயர் என்று நீளும். ஆளின் பெயரை எழுதினால் குடும்பப்பெயர் கட்டாயம். (இனிஷியல் மட்டும் வைத்திருக்கும் நம்மவர்கள் அங்கே எதை எழுதுவார்கள்?) விமானப் போக்குவரத்துச் செய்திகள் போன்ற சில இடங்களில் அது இன்றும் இருக்கிறது. பொதுமக்கள் கைக்கு வரவில்லை.

எஸ்.எம்.டி.பி.யின் குறைகள் என்னவாயின? 1992இல் போரன்ஸ்டைனும் ஃப்ரீடும், பிறமொழி எழுத்தையும் படத்தையும் அதே எஸ்.எம்.டி.பி. வழியே அனுப்ப உதவும் மைம் தரத்தைத் தந்தார்கள். யூனிகோடின் யு.டி.எஃப்-8 வடிவத்தில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட். மைமில் உள்ள பேஸ்64 என்ற மாற்றுமுறை அதை நான்கு ஆங்கில எழுத்தாக்கி அனுப்பும். நடுவில் இருந்த பழைய சர்வர் எதையும் யாரும் தொடவேண்டியிருக்கவில்லை. இந்த வேலையை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்புதான். அடுத்த ஆண்டே, சர்வர்கள் பேச்சைத் தொடங்கும்போது சொல்லும் இ.எச்.எல்.ஓ. கட்டளை வந்தது. அதைக் கேட்டதும் எதிர்முனை தனக்குக் கூடுதலாகத் தெரிந்ததை வரிசையாகச் சொல்லும். கட்டளையே புரியாத சர்வர் என்றால் பழைய எச்.இ.எல்.ஓ. சொல்லிப் பேச்சைத் தொடரலாம். 1999இல், கடிதத்தை வழியில் பிறர் படிக்காமல் காக்கும் ஸ்டார்ட் டி.எல்.எஸ். குறியாக்கம் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது.

ஜேமேப் போன்ற புதுத் தரங்களை நான் வரவேற்கிறேன். 2019இல் வந்த அது செயலிக்கும் அஞ்சல்பெட்டிக்கும் இடையிலான பேச்சை மட்டும் மாற்றுகிறது. உலகத்தோடு பேசும் பகுதியில் கை வைக்கவில்லை.

உழைக்க வேண்டிய இடம் வேறு. முகவரியையே தமிழில் எழுத வழிசெய்யும் எஸ்.எம்.டி.பி.யு.டி.எஃப்8 2012இலேயே தரமாகிவிட்டது. 2014இல் ஜிமெயிலும், 2015இல் போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளும் ஏற்றன. ஆனால் வழியில் ஒரு சர்வர் இதை அறியாவிட்டாலும் கடிதம் திரும்பி வந்துவிடும். தம்பிகளே, புது நெறிமுறை எழுதும் நேரத்தில் உங்கள் தளத்தின் பதிவுப் படிவத்தில் ஒரு தமிழ் முகவரியைத் தட்டிப் பாருங்கள். ‘செல்லாத முகவரி’ என்று சிவப்பில் வந்தால் அந்தச் சோதனையைத் திருத்துங்கள். பிறகு உங்கள் அஞ்சல் சர்வரில் அந்த வசதி இயங்குகிறதா என்று பாருங்கள்.